திருமணி ஆலையின் கதவைத் திறப்போம், தோழர்களே!

2021 மே மாதத்தில் ஒரு நாள், விடியற்காலை ஐந்து மணிக்குச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாசலில் தடுப்பூசி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு கொத்தனார். பின்னால் பேத்தியைக் கையில் பிடித்தபடி ஒரு பாட்டி. எட்டரை மணிக்குச் செவிலியர் ஒருவர் வெளியே வந்து, "இன்னைக்கு வந்தது நூறு டோஸ்தான், டோக்கன் முடிஞ்சுபோச்சு" என்றார். பாட்டி சண்டை போடவில்லை. "நாளைக்கு வருமா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அந்தச் செவிலியருக்குப் பதில் தெரியவில்லை. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் கலங்கியிருந்தன.

அதே செங்கல்பட்டில், திருமணி கிராமத்தில், நூறு ஏக்கரில் ஒரு தடுப்பூசி ஆலை நிற்கிறது. மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனமான எச்.எல்.எல். பயோடெக்கின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம். 2012-இல் 594 கோடி ரூபாய்க்கு அனுமதி கிடைத்தது. ஆண்டுக்கு 58.5 கோடி டோஸ் செய்வது திட்டம். கட்டடம் எழுந்தது, இயந்திரங்கள் வந்து இறங்கின. நாடே ஊசிக்குத் தவித்த அந்த மாதங்களில் அங்கிருந்து ஒரு குப்பி கொரோனா தடுப்பூசிகூட வெளியே வரவில்லை.

அந்தப் பாட்டியையும் அந்த ஆலையையும் சேர்த்துப் பார்க்கத்தான் இந்த அழைப்பு. மருந்துக் காப்புரிமை பற்றி நாம் பேசும்போதெல்லாம் ஜெனீவாவில் இருக்கும் உலக வர்த்தக அமைப்பையும் பெரும் நிறுவனங்களையும் நோக்கியே கை நீட்டுகிறோம். நீட்ட வேண்டியதுதான். ஆனால் பூட்டு இரண்டு, தோழர்களே. ஒன்று காகிதத்தில் தொங்குகிறது, இன்னொன்று ஆலைக் கதவில். ஒன்றை மட்டும் உடைத்தால் ஊசி வராது.

இருபது ஆண்டுக்கு மேல் மெடிக்கல் ரெப்பாகப் பை தூக்கி அலைந்தவன் நான். ஒரே மருந்துக்கு இரண்டு விலை இருப்பதையும், அந்த இரண்டு விலைக்கும் நடுவில் குடும்பங்கள் நகையை விற்பதையும் மருத்துவமனைத் தாழ்வாரங்களில் நின்று பார்த்தவன். அதனால் காப்புரிமை எனக்குச் சட்டப் புத்தகத்தில் படித்த சொல் அல்ல.

இந்தியாவின் காப்புரிமைச் சட்டத்துக்கு அடித்தளம் போட்டவர் ஒரு தமிழர். நீதிபதி ராஜகோபால அய்யங்கார் 1959-இல் கொடுத்த அறிக்கையை நம் வகுப்புகளில் படிக்க வேண்டும். இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு வெளிநாட்டார் கையில் இருந்தன. அவற்றில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் இங்கே உற்பத்திக்கே வரவில்லை. இதுதான் அவர் கண்டது. அதாவது அவர்கள் உரிமையை வாங்கியது பொருளைச் செய்வதற்காக அல்ல, மற்றவன் செய்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த அறிக்கையிலிருந்து பிறந்ததுதான் 1970-ஆம் ஆண்டுச் சட்டம். மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது அது. நம் ஊர்க் கம்பெனிகள் மாற்றுச் செய்முறை கண்டுபிடித்து மலிவாக மருந்து செய்யக் கற்றது அந்த நிழலில்தான். 2001-இல் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற எச்.ஐ.வி. கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருகிறோம் என்று சிப்லா அறிவித்ததும் அந்தப் பயிற்சியின் பலன்.

பிறகு அறிவுசார் சொத்துரிமைக்கென உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் ஒப்பந்தம் வந்தது. 2005-இல் பொருளுக்கும் காப்புரிமை கொடுக்க வேண்டியதாயிற்று. அன்று நாடாளுமன்றத்திலும் தெருவிலும் நம் தோழர்கள் கொடுத்த அழுத்தத்தில்தான் சட்டத்துக்குள் பற்கள் முளைத்தன. பழைய மருந்தின் உருவத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டுப் புதுக் காப்புரிமை கேட்க முடியாதபடி 3(டி) பிரிவு வந்தது. உரிமை வழங்குவதற்கு முன்பே யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லும் வழியும் காக்கப்பட்டது.

அந்தப் பற்கள் கடித்ததைச் சென்னை பார்த்திருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006-இல் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். எதிர்த்து மனு கொடுத்தவர்களில் புற்றுநோயாளிகளுக்கான ஓர் உதவிச் சங்கமும் இருந்தது. 3(டி) பிரிவே செல்லாது என்று நிறுவனம் தொடுத்த வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கதவைச் சாத்தியது. மாதத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஆன மருந்து ஜெனரிக்காகப் பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. அந்த வித்தியாசம் எத்தனை வீடுகளின் பத்திரத்தைக் காப்பாற்றியது என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதியிருக்காது.

காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே மற்றவர் அந்த மருந்தைச் செய்ய அரசு அனுமதிக்கும் கட்டாய உரிமம் என்ற ஆயுதமும் ஒருமுறை உறையிலிருந்து வெளியே வந்தது. பேயர் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்து நெக்சவார், மாத விலை 2,80,428 ரூபாய். 2012 மார்ச்சில் இந்திய நிறுவனமான நாட்கோவுக்குக் கட்டாய உரிமம் கிடைத்ததும் அதே மருந்து 8,880 ரூபாய்க்கு வந்தது. காப்புரிமை வைத்திருந்தவருக்கு ராயல்டியும் உண்டு. முதலில் 6 விழுக்காடு, பிறகு 7.

இந்த ராயல்டியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். "அப்படியானால் கண்டுபிடித்தவன் உழைப்புக்கு மரியாதையே இல்லையா?" என்று நம்மிடம் கேட்பார்கள். நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் இரவெல்லாம் கண்விழிப்பவரும் உழைப்பாளிதான். அவருக்கும் அவருக்குப் பணம் போட்டவருக்கும் உரிய கூலி கிடைக்க வேண்டும். கூலி கேட்கும் உரிமை வேறு, மற்றவர் கையைக் கட்டிப்போடும் உரிமை வேறு. சாதாரண நாளில் இரண்டையும் ஒன்றாகக் கொடுத்து வைத்திருக்கிறது சட்டம். பெருந்தொற்று நாளில் இரண்டாவதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். முதலாவது அவரிடமே இருக்கட்டும். உரிமைக்கும் உயிருக்கும் நடுவில் சமநிலை என்று நான் ஏற்பது இதைத்தான்.

இது கனவு இல்லை, நம் சட்டத்திலேயே இருக்கிறது. காப்புரிமை பொதுச் சுகாதாரத்துக்குத் தடையாகக் கூடாது என்கிறது 83-ஆம் பிரிவு. தேசிய நெருக்கடி என்று மத்திய அரசு அறிவித்தால் உடனே கட்டாய உரிமம் வழங்கலாம் என்கிறது 92. அரசே தன் தேவைக்குப் பயன்படுத்தலாம் என்கிறது 100. எந்தக் காரணத்துக்குக் கட்டாய உரிமம் கொடுப்பது என்பதை அந்தந்த நாடே தீர்மானிக்கலாம் என்று 2001 நவம்பரில் தோஹாவில் உலக வர்த்தக அமைப்பே ஒப்புக்கொண்டது.

2020 அக்டோபர் 2 அன்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் ஜெனீவாவில் ஒரு கோரிக்கை வைத்தன. கொரோனா ஓயும்வரை தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவி எல்லாவற்றுக்கும் ட்ரிப்ஸ் விதிகளை நிறுத்தி வையுங்கள் என்பது கோரிக்கை. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரித்தன. ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் தடுத்தன. தடுப்பூசிக்கு மட்டும் ஆதரவு என்று சொல்ல அமெரிக்காவுக்கு 2021 மே ஆயிற்று. முடிவு வந்தது 2022 ஜூன் 17-இல். இருபது மாதம், தோழர்களே! எத்தனை அலை வந்து போயிற்று, எத்தனை பேரைப் புதைத்தோம். அத்தனைக்கும் பிறகு கிடைத்தது தடுப்பூசிக்கு மட்டும், காப்புரிமையில் மட்டும், ஐந்தாண்டுக்கு மட்டும் ஒரு சலுகை. மருந்துக்கும் பரிசோதனைக் கருவிக்கும் ஆறு மாதத்தில் முடிவு சொல்கிறோம் என்றார்கள். 2024-இல் ஒத்த கருத்து இல்லை என்று அதைக் கைவிட்டார்கள். அந்த ஐந்தாண்டுக் கணக்கும் 2027 ஜூனோடு தீருகிறது.

டெல்லி அங்கே ஒன்று கேட்டது, இங்கே வேறொன்று செய்தது. அதை நாம் மறக்கக் கூடாது. 2021 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் 92-ஆம், 100-ஆம் பிரிவுகளை எடுத்துக்காட்டி, ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டது. கட்டாய உரிமம் இந்த நேரத்தில் எதிர்விளைவைத்தான் தரும் என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார்கள். அதே வாரங்களில் ஒரே ஊசிக்கு மூன்று விலை: கோவிஷீல்டு மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநிலங்களுக்கு 400 என்று அறிவித்து 300, தனியார் மருத்துவமனைக்கு 600. தமிழ்நாடு உலகளாவிய டெண்டர் விட்டது, ஒருவரும் வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் அந்தப் பாட்டி கேட்ட கேள்விக்குச் செவிலியரிடம் பதில் இல்லாமல் போனது இதனால்தான்.

இனி இரண்டாவது பூட்டு. காப்புரிமையை நீக்கிவிட்டால் போதும், மறுநாள் ஊசி ஓடிவரும் என்று நம் மேடைகளில் பேசியிருக்கிறோம். நானும் பேசியிருக்கிறேன். அது பாதி உண்மை. மாத்திரைக்கு அது பெரும்பாலும் சரி, வேதிப்பொருளைத் தெரிந்துகொண்டால் நம் ஆட்கள் செய்துவிடுவார்கள். தடுப்பூசி உயிருள்ள செல்களோடும் நுண்ணுயிர்களோடும் செய்யும் வேலை. எந்தச் செல், எந்த வெப்பம், எந்த வடிகட்டி, எந்தக் கட்டத்தில் எந்தச் சோதனை என்பதெல்லாம் காப்புரிமை ஆவணத்தில் முழுதாக இருக்காது. அது தொழிலாளியின் கையிலும் கம்பெனியின் ரகசியக் கோப்பிலும் இருக்கிறது.

மாடர்னாவைப் பாருங்கள். பெருந்தொற்று நடக்கும்வரை தன் கொரோனா காப்புரிமைகளை வைத்து யார்மீதும் வழக்குப் போடமாட்டோம் என்று 2020 அக்டோபரிலேயே அறிவித்தது. கேட்க நன்றாக இருந்தது. அமெரிக்க மக்களின் வரிப்பணம் ஏறத்தாழ 250 கோடி டாலர் அந்த ஊசிக்குள் போயிருக்கிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு கேப்டவுனில் ஆஃப்ரிஜென் என்ற சிறு நிறுவனம் அதே வகை ஊசியைச் செய்ய முயன்றபோது, செய்முறையைச் சொல்லித்தர மறுத்துவிட்டது. பொதுவெளியில் கிடைத்த தகவலை மட்டும் வைத்து அந்தத் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் 2022 தொடக்கத்தில் ஆய்வுக்கூட அளவில் அதைச் செய்து காட்டினார்கள். வணக்கத்துக்குரிய உழைப்பு. ஆனால் கை கொடுத்திருந்தால் மிச்சமாகியிருக்கும் மாதங்கள் எங்கே போயின?

மறுபக்கம் பொலிவியா. ஊசி இல்லாத ஏழை நாடு. கனடாவில் பயோலைஸ் என்ற சிறு மருந்து நிறுவனம் ஜான்சன் அண்ட் ஜான்சன் ஊசியைச் செய்து தர முன்வந்தது. 2021 மேயில் இருவரும் ஒன்றரைக் கோடி டோஸுக்கு உடன்பாடு போட்டார்கள். ஏற்றுமதிக்கான கட்டாய உரிமம் கனடாச் சட்டத்திலேயே உண்டு. அந்தச் சட்டத்தின் பட்டியலில் கொரோனா தடுப்பூசியின் பெயரைச் சேர்த்தால் போதும். சேர்க்கவேயில்லை. ஒரு டோஸ்கூடப் போகவில்லை.

அங்கே ஆலை தயார், உரிமம் இல்லை. இங்கே திருமணியில் உரிமம் கேட்கக்கூட யாரும் இல்லை, ஆலை தூங்கிக் கிடந்தது. கோவாக்சின் உற்பத்தியைப் பெருக்க 2021 ஏப்ரலில் மூன்று பொதுத்துறை நிறுவனங்களை மத்திய அரசு தேர்ந்தெடுத்தது: மும்பையின் ஹாஃப்கின், ஹைதராபாதின் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ், புலந்த்ஷகரின் பிப்கால். திருமணி அந்தப் பட்டியலில் இல்லை. தனியார் பங்காளியைத் தேடிக்கொண்டிருந்தார்கள், எவரும் முன்வரவில்லை. எங்களிடம் குத்தகைக்குக் கொடுங்கள், நாங்கள் ஓட்டுகிறோம் என்று மாநில அரசு அந்த மே மாதத்திலேயே கேட்டது. அது நடக்கவில்லை. ஆண்டுகள் உருண்டுவிட்டன. எந்த வேலைக்காகக் கட்டினார்களோ அந்த வேலையை ஆலை இன்னும் செய்யவில்லை.

இது திருமணியின் கதை மட்டுமல்ல. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-இலிருந்து இருக்கிறது. கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் 1948-இலிருந்து காசநோய்த் தடுப்பூசி செய்தது. 2008 ஜனவரியில், உற்பத்தித் தரவிதிகளைக் காரணம் காட்டி, இமாச்சலத்தின் கசௌலி நிறுவனத்தோடு சேர்த்து இவை இரண்டின் உரிமத்தையும் நிறுத்தி வைத்தார்கள். தரத்தில் குறை இருந்தால் சரிசெய்ய வேண்டியதுதான், குழந்தைக்குப் போடும் ஊசியில் யாரும் சமரசம் கேட்கவில்லை. ஆனால் பணம் ஒதுக்கிப் புதுப்பிக்க வேண்டியவற்றை இழுத்து மூடினார்கள். நம் தொழிற்சங்கங்களும் பொதுநல வழக்கும் சேர்ந்து போராடி, 2010-இல் அந்தத் தடை விலகியது. இரண்டு ஆண்டு நின்றுபோன கூடத்தில் கைப்பழக்கம் சிதறிவிடும், தோழர்களே. இயந்திரத்தை மறுபடி வாங்கலாம். முப்பது வருடம் குப்பி நிரப்பிய ஒருவர் ஓய்வு பெற்றுப் போனால், அவர் கையில் இருந்ததை எந்த டெண்டரில் வாங்குவது?

வேறு மாதிரியும் நடக்கும் என்பதற்குக் கண்முன்னே சாட்சி இருக்கிறது. டெக்சாஸில் பீட்டர் ஹோட்டஸ், மரியா எலனா போட்டாஸி என்ற இரு விஞ்ஞானிகள் பழைய, எளிய தொழில்நுட்பத்தில் ஒரு கொரோனா ஊசியை உருவாக்கினார்கள். காப்புரிமை வாங்கவில்லை. செய்முறையையும் சேர்த்தே கொடுத்தார்கள். ஹைதராபாதின் பயாலஜிக்கல்-இ அதை கார்பெவாக்ஸ் ஆக்கியது. 2022 மார்ச்சில் நம் ஊர்ப் பள்ளிகளில் 12 முதல் 14 வயதுப் பிள்ளைகள் கையை நீட்டிப் போட்டுக்கொண்ட ஊசி அதுதான். அறிவைக் கொடுக்க மனம் இருந்தது, வாங்கிச் செய்ய ஆலை இருந்தது. இரண்டும் சேர்ந்த இடத்தில் ஊசி பிறந்தது.

கோவாக்சினையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பாரத் பயோடெக்கும் சேர்ந்து உருவாக்கியது அது. வைரஸைப் பிரித்தெடுத்தது புனேயின் அரசு நிறுவனம். ஆனால் காப்புரிமை விண்ணப்பத்தில் கழகத்தின் பெயரே இல்லை. 2024 ஜூனில் அது வெளியே தெரிந்து கேள்வி எழுந்த பிறகு, சேர்த்துக்கொள்கிறோம் என்றது நிறுவனம். பொது அறிவு ஆலைக்குள் போகும்போதே, நெருக்கடி வந்தால் எல்லோருக்கும் திறக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

சரி, இப்போது ஏன் அவசரம்? நோய் ஓய்ந்த காலத்தில்தான் பற்களைப் பிடுங்குகிறார்கள். 2024 மார்ச்சில் காப்புரிமை விதிகளைத் திருத்தினார்கள். முன்கூட்டி ஆட்சேபம் சொல்வதற்குக் கட்டணம் வந்தது. மனு விசாரணைக்கே ஏற்றதா என்று அதிகாரி முதலில் பார்த்துத் தள்ளிவிடவும் வழி வந்தது. காப்புரிமையை இந்தியாவில் பயன்படுத்துகிறாயா என்று ஆண்டுதோறும் கணக்குக் கேட்ட படிவம் 27, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று ஆயிற்று. அய்யங்கார் 1959-இல் எந்த நோயைக் கண்டாரோ, அந்த நோயைப் பார்க்கும் கண்ணாடியையே தூரத்தில் வைத்துவிட்டார்கள். 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனோடு கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தில், மருந்து கிடைக்கச் சிறந்த வழி நிறுவனங்கள் தாமாக மனமுவந்து தரும் உரிமமே என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். நாளைக்குக் கட்டாய உரிமம் கேட்டுப் போனால் இந்த வரியைத்தான் நம் முகத்துக்கு முன்னால் நீட்டுவார்கள்.

அந்த ஆட்சேப மனுவின் மதிப்பு என்ன என்று ஐயம் இருந்தால் 2023 மார்ச்சை நினையுங்கள். காசநோய் மருந்தான பெடாகுவிலினுக்குக் காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்டபோது, அதைத் தடுத்தது இரண்டு பெண்களின் மனு. மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் பூமேசா திசிலே. காசநோயிலிருந்து மீண்டவர்கள், பழைய மருந்துகளின் நச்சால் கேட்கும் திறனை இழந்தவர்கள். அவர்கள் நடந்து போன வழியில்தான் இப்போது சுங்கச்சாவடி போட்டிருக்கிறார்கள்.

உலக அளவிலும் ஒரு கதவு பாதி திறந்து நிற்கிறது. 2025 மே 20 அன்று உலக சுகாதார மாநாடு பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றது. அடுத்த பெருந்தொற்றில் பங்கேற்கும் நிறுவனங்கள் தம் உற்பத்தியில் 20 விழுக்காட்டை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும், அதில் குறைந்தது 10 நன்கொடையாக இருக்க வேண்டும் என்கிறது. நல்ல தொடக்கம், வரவேற்போம். ஆனால் தொழில்நுட்பத்தைப் பகிரும் இடத்தில் "பரஸ்பரம் ஒப்புக்கொண்டபடி" என்று ஒரு சொற்றொடரைச் செருகிவிட்டார்கள். ஒப்புக்கொள்ளாதவனை என்ன செய்வது என்பதற்கு விடை இல்லை. கேப்டவுனில் நடந்தது மறுபடி நடக்க அந்தச் சொற்றொடரே போதும்.

அதனால் தோழர்களே, பிரித்துக்கொண்டு வேலை செய்வோம். மருந்துத் துறைச் சங்கத் தோழர்கள் கிண்டியிலும் குன்னூரிலும் ஓய்வு பெற்ற தொழில்நுட்பப் பணியாளர்களைத் தேடிப் போய், அவர்கள் கைப்பக்குவத்தை எழுதி வாங்குங்கள். திருமணி ஓடத் தொடங்கும் நாளில் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். வழக்கறிஞர் தோழர்கள் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் நுழையும் தடுப்பூசி விண்ணப்பங்களைக் கண்காணிக்கும் குழு ஒன்றை அமையுங்கள். கட்டணத்தைச் சங்கங்கள் பங்கு போட்டுக் கட்டட்டும். பல்கலைக்கழகத் தோழர்கள் உங்கள் ஆய்வுக்கூடம் தனியாரோடு போடும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் நெருக்கடிக் காலத்தில் செய்முறையைப் பகிரும் விதியைக் கேளுங்கள். மாதர் சங்கத் தோழர்கள், வரிசையில் நின்று திரும்பிய பெண்களின் வாக்குமூலம் நமக்கு வேண்டும். அறிவியல் இயக்கத் தோழர்கள், நீங்கள் கலைப்பயணத்தில் ஊர் ஊராகப் போகிறவர்கள். 92-ஆம் பிரிவு என்றால் என்ன என்று டீக்கடைப் பெஞ்சில் புரியும்படி சொல்ல உங்களால்தான் முடியும்.

நம் கோரிக்கை நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவர் மேசைக்கும் போக வேண்டும். திருமணியைப் பொதுத்துறையிலேயே ஓட்டு, அல்லது மாநிலத்திடம் கொடு. பெருந்தொற்று அறிவிக்கப்பட்ட அன்றே 92-ஆம் பிரிவு அறிவிக்கை வெளிவரும்படி ஆணையை இப்போதே தயாராக வை. வரிப்பணத்தில் பிறந்த ஊசிக்குச் செய்முறைப் பகிர்வைக் கட்டாயமாக்கு. அடுத்த வைரஸ் நம் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு வரப்போவதில்லை.

முதல் வேலையை இந்த வாரமே தொடங்குகிறோம். ஒவ்வொரு கிளையிலிருந்தும் மத்தியச் சுகாதார அமைச்சகத்துக்கு ஒரு தகவல் உரிமை விண்ணப்பம். திருமணி ஆலைக்கு இதுவரை செலவிட்ட தொகை எவ்வளவு, இன்று அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எந்த இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது, மாநில அரசின் குத்தகைக் கோரிக்கைக்கு எழுத்தில் என்ன பதில் கொடுக்கப்பட்டது. நான்கே கேள்விகள். விண்ணப்பத்தை எழுதி நகல் எடுத்துவிட்டேன், இந்தக் கடிதத்தோடு வருகிறது. உங்கள் பெயரும் முகவரியும் எழுத இடம் விட்டிருக்கிறேன். தபால் நிலையத்தில் பத்து ரூபாய்க்கு அஞ்சல் ஆணை வாங்கி, கூடவே வைத்து, விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். முப்பதாவது நாள் எண்ணிப் பார்ப்போம்.